ஜிலேபியைத் திரும்பத் தண்ணியில விடுற புண்ணியவான்களுக்கு...

இந்தப் பதிவுக்கு ரெண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும்னு தெரியும். ஒரு பக்கம் ஜீவகாருண்யக் கட்சி. இன்னொரு பக்கம் நம்ம தூண்டில் கட்சி. ரெண்டு பேரும் வரிசையில வாங்க, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு :-)

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். நம்ம ஊர் ஏரியில, குளத்துல தூண்டில் போட்டு ஜிலேபி பிடிச்சீங்கன்னா, அதைத் திரும்பத் தண்ணியில விடாதீங்க. எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க. சாப்பிட மாட்டீங்கன்னா யாருக்காவது கொடுங்க. கொடுக்கவும் ஆள் இல்லைன்னா முதல்ல தூண்டிலே போடாதீங்க.

அவ்வளவுதான். இப்ப ஏன்னு சொல்றேன்.

காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கம் போறவங்களுக்கு எங்க தாமல் ஏரி தெரிஞ்சிருக்கும். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே ஊர். பழைய தொண்டை மண்டலத்து 24 கோட்டங்கள்ல தாமல் கோட்டம்னே ஒண்ணு உண்டு, அவ்வளவு பழைய ஊர். காஞ்சிபுரம் பக்கத்துப் பெரிய ஏரிகள்ல எங்க ஏரியும் ஒண்ணு. நல்ல மழை பெஞ்ச வருஷத்துல கரையில நின்னா எதிர்க்கரை மங்கலாத்தான் தெரியும். 2021 நவம்பர்ல பாலாறு பெருக்கெடுத்து ஓடின வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி வருஷங்கள்ல ஊரே கரைமேல வந்து நிக்கும். பாதிப் பேர் கையில தூண்டில்.

கொஞ்ச வருஷமா இந்தக் கரையில ஒரு புது வழக்கம். பைக்ல வர்ற பசங்க, நல்ல விலையுள்ள ராடு, ரீல் எல்லாம் வெச்சிருக்காங்க. மீனைப் பிடிக்கிறாங்க, கையில தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிறாங்க, அப்புறம் ரொம்பப் பெருமையா தண்ணியில விடுறாங்க. போன மழைக்காலத்துல ஒரு தம்பிகிட்டக் கேட்டேன்.

"ஏம்பா விட்டுட்டே? நல்ல மீனாச்சே?"

"பாவம்ணா. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான். பிடிச்சுட்டு விட்ரணும்."

நல்ல பையன். நல்ல மனசு. ஆனா அவன் விட்டது ஜிலேபி. அதே பையன் அரை மணி கழிச்சு, குஞ்சுக் கூட்டத்தோட சுத்திட்டிருந்த ஒரு விராலைப் பிளாஸ்டிக் தவளை போட்டுத் தூக்கிப் பையில போட்டுட்டான். விட வேண்டியதை எடுத்துட்டு, எடுக்க வேண்டியதை விட்டுட்டுப் போயிட்டான். இதைவிடத் தலைகீழா ஒருத்தன் செய்ய முடியாதுங்க.

அவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காக் குளங்கள்ல எடுத்தது. அங்கே சின்னக் குளங்கள்ல பிடிக்கிற கைக்குள்ள அடங்குற மீன்கள் அந்த மண்ணோட சொந்த மீன்கள். அதனால 'கையை நனைச்சுக்கோ, மெதுவா பிடி, சீக்கிரம் விடு'ங்கிறது அங்கே சரியான பாடம். அதே பாடத்தை அப்படியே இறக்குமதி பண்ணி நம்ம ஏரியில வெச்சா, ஜிலேபிக்குக் காவல்காரனா நாமளே நிக்கிறோம்.

ஜிலேபி யாரு?

பேர் இனிப்பா இருக்கு, ஊர் நம்ம ஊர் இல்லை. மொசாம்பிக் பக்கத்துத் தென்கிழக்கு ஆப்பிரிக்கா அதோட தாய்வீடு. 1952ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஏழை ஜனங்களுக்குச் சீக்கிரம் வளர்ற, எதையும் தின்னுற, எந்தத் தண்ணியிலயும் பிழைக்கிற மீன் வேணும்னு நெனச்சாங்க. திலேப்பியாங்கிற பேர் நம்ம வாயில விழுந்து ஜிலேபி ஆச்சு. கொண்டு வந்து ஏழே வருஷத்துல, 1959ல, மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை இனிமே பரப்பாதீங்கன்னு தடை சொல்லிடுச்சு. ஆனா அதுக்குள்ள குடம் கவுந்தாச்சு.

ஏன் பயந்தாங்க? ரெண்டு மூணு மாசத்துலயே இது குட்டி போடுற பருவத்துக்கு வந்துடும். ஆண் மீன் கரையோரம் ஆழமில்லாத இடத்துல வட்டமா குழி தோண்டும். தண்ணி வத்தும்போது கரையோரச் சேத்துல தாம்பாளம் தாம்பாளமா குழி தெரியுமே, அதேதான். பெண் மீன் முட்டையை வாய்க்குள்ள வெச்சு அடைகாக்கும். பொரிஞ்ச குஞ்சும் ஆபத்துன்னா அம்மா வாய்க்குள்ளயே ஓடிப் போயிடும். மத்த மீன் போடுற முட்டையில முக்கால்வாசி எவன் வாயிலயோ போயிடும். இதோட முட்டை அம்மா வாயிலயே பத்திரமா இருக்கு. அப்புறம் எப்படி மத்த மீன் போட்டி போடும்?

தின்னுறதுலயும் வஞ்சனை கிடையாது. பாசி, வண்டல், புழு, அடுத்தவன் முட்டை, குட்டி மீன், எல்லாம் போகும். கூட்டம் அதிகமாச்சுன்னா உள்ளங்கை அளவுலயே வளர்ச்சி நின்னு, அந்த அளவுலயே குட்டி போட ஆரம்பிச்சுடும். ஏரி முழுக்க மீன் இருக்கும், ஒண்ணுகூட குழம்புக்குத் தேறாது. ராஜஸ்தான்ல ஜெய்சமந்த் ஏரியில இது நுழைஞ்ச பிறகு பெருங்கெண்டைகளோட சராசரி எடையே குறைஞ்சு போச்சு. உலகத்துலயே மோசமான 100 அந்நிய உயிரினங்கள்னு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியல்ல ஜிலேபிக்கு இடம் உண்டு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அதே ஒன்றியத்தோட இன்னொரு பட்டியல்ல இதே மீன் அதோட தாய்நாட்டுல ஆபத்துல இருக்கிற இனம். அங்கே இன்னொரு அந்நியன், நைல் ஜிலேபி, நுழைஞ்சு இதோட கலந்து இனத்தையே கரைச்சுட்டு இருக்கு. ஆக மீன் கெட்டதில்லை. இருக்கிற இடம்தான் தப்பு.

"கட்லா, ரோகு மட்டும் உள்ளூரா?"

இந்தக் கேள்வியை ஒருத்தர் கட்டாயம் கேட்பீங்க. நல்ல கேள்வி. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கைப் பக்கத்து மீன்கள். குத்தகைக்காரங்க குஞ்சு வாங்கி வந்து நம்ம ஏரிகள்ல விடுறாங்க. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அதுங்க தேங்கின தண்ணியில குட்டி போடாது. ஓடுற வெள்ளம் வேணும். அதனாலதான் 1957 ஜூலை 10ஆம் தேதி கட்டாக்ல ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு முட்டையிட வெச்சது அவ்வளவு பெரிய சாதனை. இன்னைக்கும் அந்த நாளை மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறாங்க. அதாவது ஆயிரம் கட்லா விட்டா ஆயிரத்துக்கு மேல ஆகாது. பிடிச்சா தீர்ந்து போகும். ஜிலேபிக்கு ஊசியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். ஒரு ஜோடி போதும்.

"அரசாங்கமே கிஃப்ட் திலேப்பியா வளர்க்கச் சொல்லுதே?" ஆமா, சொல்லுது. 2009லிருந்து அனுமதி உண்டு. ஆனா அது பண்ணைக் குட்டைக்கு, உரிமம் வாங்கி, கிட்டத்தட்ட ஆண் குஞ்சு மட்டும் விட்டு, வெளியே தப்பாம தடுப்பு போட்டு வளர்க்கிறதுக்கு. ஏரியில கொண்டு போய்க் கொட்டுறதுக்கு இல்லை.

"ஏரி முழுக்க அதுதான் இருக்கு, நீ ஒண்ணு எடுத்தா தீர்ந்துடுமா?" தீராது. தூண்டிலால ஜிலேபியை ஒழிக்க முடியும்னு நான் சொல்லவே இல்லை. ஆனா நம்ம ஏரிகள் தனித்தனிக் குண்டான் கிடையாது, சங்கிலி. மேல் ஏரி நிரம்பி கலங்கல் வழிஞ்சா கீழ் ஏரிக்குப் போகும். நீங்க இங்கே விட்ட மீன் அடுத்த வெள்ளத்துல எந்த ஊர்ல இருக்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னும் ஜிலேபி போகாத தாங்கல், குட்டை, கிணறு, கோயில் குளம்னு எத்தனையோ இருக்கு. அங்கே எல்லாம் அது நடந்து போகலை. யாரோ ஒரு புண்ணியவான் பாலித்தீன் பையில தூக்கிட்டுப் போய் விட்டிருக்காரு. விராலுக்கு உயிர் இரையா குட்டி ஜிலேபியை எடுத்துட்டுப் போய் மிச்சத்தைக் குட்டையில கொட்டுறவரும் இதுல சேர்த்தி. தொட்டியில வளர்த்த டேங்க் கிளீனர் மீன் பெருசாயிடுச்சுன்னு ஏரியில விடுறவரும் சேர்த்தி. 2000லயே மத்திய அரசு தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமா வளர்க்கிறவரைப் பத்தி எழுதினா தனிப் பதிவு ஆகும்.

புண்ணியக் கணக்கு

இப்ப ஜீவகாருண்யக் கட்சிக்கு. எங்க பக்கம் அமாவாசைக்குத் தறி ஓடாது. நெசவுக்காரங்களுக்கு அன்னைக்கு ஓய்வு. சும்மா உக்கார முடியுமா, நாலு பேர் தூண்டிலோட ஏரிக்கு வந்துடுவாங்க. ஆனா அமாவாசையாச்சே, வீட்டுல மீன் சேராது. பிடிச்சதெல்லாம் திரும்பத் தண்ணிக்கு. கேட்டா "புண்ணியம்"னு பதில்.

ஐயா, வாயில முள்ளைக் குத்தி, இழுத்து, தரையில புரள விட்டு, போட்டோ எடுத்து, கிழிஞ்ச வாயோட அனுப்பி வைக்கிறதுக்கு எந்தக் கணக்குல புண்ணியம் எழுதுவாங்க? பசிக்குப் பிடிச்சா அதுக்கு ஒரு நியாயம் உண்டு. பொழுதுபோகலைன்னு பிடிச்சுட்டு அதை இரக்கம்னு சொன்னா அது நாடகம். சாப்பிடுறதா இல்லைன்னா கரையில உக்காந்து காத்து வாங்குங்க, யாரும் வேண்டாங்கலை. இதுல நான் சமரசம் ஆகுறதா இல்லை.

சரி, எதை விடணும்?

விரால், குறவை ரெண்டும் குஞ்சைக் காவல் காக்கிற மீன்கள். மழைக்காலத்துல தண்ணி மேல செவப்பா, கொசகொசன்னு ஒரு குஞ்சுப் பந்து நகர்ந்துட்டு இருந்தா, அடியில விரால் நிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல தவளை மாதிரி எதைப் போட்டாலும் அது பாய்ஞ்சு கடிக்கும். பசியில இல்லை, புள்ளைங்களைக் காப்பாத்த. அதைத் தூக்கிட்டா மிச்சம் அத்தனையும் ஒரு மணி நேரத்துல மத்தவனுக்கு இரை. அப்ப தூண்டில் போடுறது வீரமில்லை. தெரியாம மாட்டிச்சுன்னா அதே இடத்துல உடனே விடுங்க.

பனையேறி, ஆரல், அயிரை, உள்ளூர்க் கெண்டைகள்ல சினையா இருக்கிறது, இதெல்லாமும் விட வேண்டிய வரிசை. மஞ்சளா, காசு அளவுல, உடம்புல கறுப்புப் பொட்டு வெச்ச மீன் ஒண்ணு சில ஏரிகள்ல வரும். சில ஊர்ல செல்லாக்காசும்பாங்க. அது ஜிலேபிக்குப் பங்காளி முறை, ஆனா நம்ம மண்ணு மீன். ஜிலேபிக் குட்டின்னு நெனச்சுத் தூக்கிடாதீங்க. வளர்ந்த ஆண் ஜிலேபி பருவத்துல கறுத்துப் போய், தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்திருக்கும். அதுல குழப்பமே வராது.

விடுற மீனுக்குத்தான் அந்த வெளிநாட்டுப் பாடம் முழுசா பொருந்தும். கையை நனைச்சுட்டுத் தொடுங்க. காஞ்ச கையில பிடிச்சா வழவழப்பு போயிடும், கெண்டைக்குச் செதில் உதிரும், அப்புறம் புண்ணு பிடிச்சுச் சாகும். சுடுற கரைக்கல்லு மேல போடாதீங்க. செவுளுக்குள்ள விரல் விடாதீங்க. முள்ளை விழுங்கிட்டா பிடுங்காம தங்கூசை வாயோரமா வெட்டி விடுங்க. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முள்ளோட எதிர்க்கொக்கியைக் குறட்டால நசுக்கிட்டா மீனுக்கும் நல்லது, உங்க விரலுக்கும் நல்லது.

எடுத்துட்டுப் போற ஜிலேபிக்கு வேற பாடம். சின்ன முள், மண்புழு இல்லைன்னா மைதா உருண்டை, தக்கை ஒண்ணு போதும். காலையிலயும் சாயங்காலமும் கரையோரக் குழிகள் பக்கம் போடுங்க. சின்னதா இருக்குன்னு விடாதீங்க, இதுக்கு மட்டும் அளவே கிடையாது. முதுகுல வரிசையா முள் நிக்கும். தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமா கையைத் தடவிக் கொண்டுபோய், முள்ளை மடக்கிப் பிடிக்கணும். பிடிச்சதும் தலையில ஒரே தட்டு தட்டி முடிச்சுடுங்க. கவர்ல போட்டு ஒரு மணி நேரம் துடிக்க விடுறது பாவம் மட்டுமில்லை, கறி ருசியும் கெடும். சாக்கடை கலக்கிற இடத்துலயும், தண்ணி பச்சைப் பெயிண்ட் மாதிரி கெட்டியா இருக்கிற இடத்துலயும் பிடிச்சதைச் சாப்பிடாதீங்க.

கெளுத்தி மாட்டினா ஜாக்கிரதை. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள். ரம்பம் மாதிரி பல்லு இருக்கும். தேளி இன்னும் மோசம், பேரே தேள்லிருந்து வந்தது. குத்திடுச்சுன்னா மஞ்சள், சுண்ணாம்புன்னு அப்பாம, கை தாங்குற அளவு வெந்நியில, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் முக்கி வைங்க. வலி குறையும். சூட்டை நல்ல கையில பார்த்துட்டு முக்குங்க, குத்துப்பட்ட கைக்குச் சூடு தெரியாது. முள் ஒடிஞ்சு உள்ளே நின்னாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசியை மறக்காதீங்க. தூண்டில் முள் சதையில ஆழமா ஏறினாலும் ஆஸ்பத்திரிதான். கண்ணுல பட்டா தொடவே தொடாம ஓடுங்க.

அறுந்த தங்கூஸைக் கரையில போட்டுட்டு வராதீங்க. கொக்கு, நீர்க்காகம் கால்ல சுத்திக்கிட்டா அது பறக்க முடியாம பட்டினியில சாகும். சுருட்டிப் பாக்கெட்ல வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியா, அந்தப் பள்ளங்கள்

விரால் ஏரி வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும். குறவை, பனையேறி எல்லாம் காத்தை நேரா சுவாசிக்கிற ஜாதி, கொஞ்சம் ஈரம் இருந்தா தாக்குப் பிடிக்கும். ஜிலேபியால அது முடியாது. தண்ணி போனா அது போச்சு. அதாவது நம்ம ஏரி வருஷா வருஷம் வத்துறது நம்ம மீனுக்குச் சாதகமான ஏற்பாடு. கோடை வந்தா கணக்கு நேராயிடும்.

அதைக் கெடுக்கிறது மண்ணுக்காக அளவில்லாம தோண்டுற பள்ளங்கள். கோடையிலயும் அதுல தண்ணி நிக்கும். அந்தத் தண்ணியில மிஞ்சுற ஜிலேபிதான் அடுத்த வருஷத்து விதைன்னு நான் கணக்குப் போடுறேன். மழை வந்ததும் அதே பள்ளம் தண்ணிக்கு அடியில மறைஞ்சு கிடக்கும். முழங்கால் தண்ணின்னு நெனச்சுக் கால் வைக்கிற சின்னப் பசங்களுக்கு அது எமன். தமிழ்நாட்டுல எந்த வருஷத்துப் பேப்பரைப் புரட்டினாலும் ஏரிப் பள்ளத்துல பிள்ளைங்க மூழ்கின சேதி இருக்கும். தூண்டில் போட வர்ற தம்பிங்களா, முள் சிக்கிடுச்சுன்னு தண்ணிக்குள்ள இறங்காதீங்க. பத்து ரூபா முள்ளு போனா போகுது.

ஊராட்சிக்கும் குத்தகைக்காரங்களுக்கும் நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்லை. கோடையில கடைசித் தண்ணி நிக்கிற பள்ளங்கள்ல ஒரு தடவை சின்னக் கண்ணி வலையை இழுத்து ஜிலேபி மொத்தத்தையும் வழிச்சு எடுங்க. விரால், குறவை வந்தா அதுல போதுமானதைத் திரும்ப விடுங்க. எடுத்த ஜிலேபியை ஊருக்கே மலிவா வித்துடலாம், கருவாடும் போடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளத்து ஓரத்துல ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. அதுக்கு அரசாணை எல்லாம் வேண்டியதில்லை.

பி.கு. 1: ஜிலேபியை வறுக்கும்போது செதிலை நல்லா உரசி எடுத்து, வயித்துக்குள்ள இருக்கிற கறுப்புத் தோலை உப்பு போட்டுத் தேய்ச்சுடுங்க. சேத்து வாடைன்னு ஒதுக்குறவங்க பாதிப் பேர் இதைச் செய்யாதவங்க.

பி.கு. 2: திட்டுறதைத் திட்டி முடிச்சுட்டு ஒரு காரியம் பண்ணுங்க. உங்க ஊர் ஏரியில இப்ப என்னென்ன மீன் கிடைக்குது, உங்க தாத்தா காலத்துல என்னென்ன கிடைச்சுதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. உள்ளூர்ப் பேரோட. ரெண்டு பட்டியலையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்த பிறகும் ஜிலேபியை விடணும்னு தோணிச்சுன்னா, அப்ப பேசிக்கலாம்.